‘கட்’ யாருக்குச் சொந்தம்?

நகரத்துச் சுரங்க ரயிலைப் பற்றி ஜனங்கள் பேசுகிற பேச்சு காதுகொடுத்துக் கேட்கும்படி இல்லை என்பது நிர்வாகத்துக்கு ஒருநாள் தெரியவந்தது. பொது மேலாளரின் கார் பழுதாகி, பதவியேற்றதிலிருந்து முதல்முறையாக அவர் தன்னுடைய ரயிலிலேயே வீட்டுக்குப் போக நேர்ந்ததுதான் காரணம். வண்டி இரண்டு நிலையங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. நெரிசலில் அவரை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள், பொது மேலாளர் என்கிற மனிதரைப் பற்றியும் அவரைப் பெற்று வளர்த்தவர்களைப் பற்றியும் மனம்விட்டுப் பேசிக்கொண்டே வந்தார். கூட்டத்தோடு கூட்டமாக மேலாளரும் தலையாட்டவேண்டியதாயிற்று.

மறுநாள் அவசரக் கூட்டம். வண்டிகளை நேரத்துக்கு ஓட்டிப் பார்க்கலாமே என்று ஓர் இளம் பொறியாளர் சொன்னார். புதிதாகச் சேர்ந்தவர், விவரம் போதாது. அதில் உள்ள சிரமங்களை மூத்தவர்கள் எடுத்துச் சொன்ன பிறகு, வண்டியை ஓட்டுவதைவிட வண்டியைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடர் ஓட்டுவது சுலபம் என்று ஏகமனதாக முடிவாயிற்று.

“ஜனங்க நம்மளத் திட்டறாங்கன்னா, அவங்களுக்கு நம்மளப் பத்தித் தெரியல, அதான்,” என்றார் பொது மேலாளர். “தெரிஞ்சுக்கிட்டாங்கன்னு வைங்க...”

“இன்னும்...” என்று ஆரம்பித்த இளம் பொறியாளர், பக்கத்தில் இருந்தவர் காலை மிதித்ததால் நிறுத்திக்கொண்டார்.

தொடருக்கு ‘பூமிக்குள் ஒரு புன்னகை’ என்று பெயர் வைத்தார்கள். சுரங்க ரயில் ஊழியர்களின் அன்றாட வேலையை உள்ளது உள்ளபடி காட்டுவது நோக்கம். உள்ளது உள்ளபடி இருக்கவேண்டும் என்பதற்காக நிலையத்துக்குப் புதிதாக வர்ணம் பூசினார்கள். ஓடாத கடிகாரத்தைக் கழற்றிவிட்டு, சரியான நேரம் காட்டுகிற கடிகாரத்தின் படத்தை மாட்டினார்கள். ஊழியர்கள் இயல்பாக நடந்துகொள்வது எப்படி என்று பயிற்சி வகுப்பு நடந்தது. அதில் தேறாதவர்களுக்கு மறுதேர்வும் உண்டு.

இந்தத் தொடரில் வந்து மாட்டிக்கொண்டவர்தான் நம்முடைய சுவிட்ச்காரர். நடைமேடை முடிகிற கோடியில் ஒரு சின்ன அறை. உள்ளே ஒரு நாற்காலி, சுரங்கத்துக்குள் பேசுவது கேட்கிற ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி, சுவரில் சாயம் உரிந்த ஓர் இரும்புக் கைப்பிடி. அந்தக் கைப்பிடியைக் கீழே இழுத்தால் பாதை முழுக்க மின்சாரம் போய்விடும். வண்டிகளுக்கு மின்சாரம் கொடுக்கிற மூன்றாவது தண்டவாளம் ஒன்று மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் சாதுவாகப் படுத்திருக்கும். ஊழியர்கள் அதை ‘மூணாவது’ என்று மட்டும் சொல்வார்கள். அதைத் தொட்டுவிட்டு வந்து எப்படி இருந்தது என்று சொன்னவர் யாரும் இல்லை.

தண்டவாளத்தில் இறங்கி வேலை செய்கிற லைன்மேனுக்கு ஆபத்து என்றால், “கட்!” என்று கத்துவான். கத்தினால் சுவிட்ச்காரர் கைப்பிடியை இழுக்கவேண்டும். யார் கத்தினார், எதற்குக் கத்தினார், எவ்வளவு சம்பளம் வாங்குகிறவர் கத்தினார் என்பதெல்லாம் இழுத்த பிறகு. சுரங்கம் வெட்டிய காலத்திலிருந்து இருக்கிற வழக்கம் இது. சுவிட்ச்காரருக்கு இது வேலை என்கிற நிலையைத் தாண்டி உடம்போடு ஊறிப்போயிருந்தது. வீட்டில் மனைவி தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டு, “இதை இங்க கட் பண்ணவா?” என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரின் வலது கை சோற்றோடு தூக்கிக்கொள்ளும்.

அவருடைய மச்சினனே அந்தப் பாதையில் லைன்மேன். அவருடைய சிபாரிசில் சேர்ந்தவன், அவர் வீட்டிலேயே இருக்கிறவன். பெற்றவர்கள் போன பிறகு அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்காதான். காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கிளம்பும்போது அவள் தம்பிக்கு எதுவும் சொல்லமாட்டாள். சொல்வதெல்லாம் புருஷனுக்குத்தான். “ஏங்க, அங்க போய்த் தூங்கி வழியாதீங்க. உங்களை நம்பித்தான் அவனை அந்தப் பொந்துக்குள்ள அனுப்பறேன்.”

படப்பிடிப்பின் முதல் நாள் பொது மேலாளர் ஓட்டுநர் அறையில் நின்றுகொண்டு, ஓடுகிற வண்டியில் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் நம்முடைய நிலையத்தில் இயக்குநர், பெருக்குகிற பெண்ணைச் சிரித்துக்கொண்டே பெருக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சுவிட்ச் அறையின் கதவு காற்றுக்காகத் திறந்திருந்தது. அந்தப் பெண் சிரித்தது போதவில்லை. இயக்குநர் கையிலிருந்த மைக்கில் ஓங்கிக் கத்தினார்.

“கட்!”

சுவிட்ச்காரர் இழுத்தார்.

“இந்த ரயில் மக்களை ஒருநாளும் நடுவழியில விட்டதில்ல,” என்று சொல்லிக்கொண்டிருந்த பொது மேலாளர் இருட்டில் நின்றார். பின்னாலிருந்த பெட்டியிலிருந்து பயணிகளின் குரல் தெளிவாகக் கேட்டது. ஒலிப்பதிவு அருமையாக வந்திருக்கிறது என்றும், ஆனால் அதில் ஒரு சொல்லைக்கூட ஒளிபரப்ப முடியாது என்றும் ஒலிப்பதிவாளர் பிறகு வருத்தப்பட்டார்.

நிலையக் கண்காணிப்பாளர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “யாருய்யா கட் சொன்னது?”

“வெளியில சொன்னாங்க சார்.”

“எதுக்குச் சொன்னாங்க?”

“அதை நீங்கதான் சார் கேட்கணும். நான் இழுக்கிறவன்.”

மின்சாரம் வந்தது. பெண் மறுபடி சிரித்தாள். இந்தமுறை சிரிப்பு அதிகமாகிவிட்டது. “கட்!” மறுபடி இருட்டு. சாயங்காலத்துக்குள் அந்தப் பாதையில் வண்டிகள் எத்தனை தடவை நின்றன என்று கேட்டால் பயணிகளே குழம்பிப்போனார்கள். வழக்கமாக நிற்பது எது, படப்பிடிப்புக்காக நிற்பது எது என்று அவர்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இயக்குநர் மட்டும் அசரவில்லை. கண்காணிப்பாளரைக் கூப்பிட்டு, “நான் கட் சொன்னதும் விளக்கெல்லாம் அணையுதே, நல்ல ஏற்பாடு சார். ஆனா ஆக்‌ஷன்னு சொன்னா ஏன் உடனே எரிய மாட்டேங்குது? அதையும் கொஞ்சம் கவனிங்க,” என்றார்.

விஷயம் மேலே போயிற்று. இரண்டு தரப்புக்கும் ஒரே சொல் இருப்பதுதான் சிக்கல் என்று கண்டுபிடிக்க ஒரு குழுவும், அதைச் சரிசெய்ய இன்னொரு குழுவும் அமைத்தார்கள். இரண்டு குழுவிலும் இருந்தவர்கள் அதே ஆட்கள்தான் என்றாலும், இரண்டாவது குழு முதல் குழுவின் முடிவை ஆழ்ந்து பரிசீலித்தது.

பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் உண்டு. யாருக்கும் வலிக்காமல் பேசுகிறவர். “இயக்குநர் சார் கட்டுக்குப் பதிலா ‘போதும்’னு சொல்லலாமே, சும்மா ஒரு யோசனைதான்,” என்று மெதுவாகச் சொன்னார்.

இயக்குநர் எழுந்துவிட்டார். “போதும்னா? போதும்னு சொன்னா நடிக்கிறவன் மனசு உடைஞ்சிடும் சார். கட்ங்கறது வெறும் வார்த்தை இல்ல. அது என் மூச்சு. என் குருநாதர் சாகும்போதுகூட அதைத்தான் சொல்லிட்டுப் போனார்.”

பொது மேலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஒரு கலைஞன்கிட்டேருந்து அவனோட வார்த்தையைப் பிடுங்கற பாவத்தை இந்த நிர்வாகம் செய்யாது,” என்றார். “நம்ம லைன்மேன்கள் பெருந்தன்மையானவங்க. அவங்களுக்கு வேற வார்த்தை குடுத்தா வேண்டாம்னா சொல்லப்போறாங்க?”

மொழிப் பிரிவு அதிகாரிக்கு அன்றுதான் பொழுது விடிந்தது. சேர்ந்த நாளாக அவருக்கு வேலை வந்ததே இல்லை. “கட் என்பது வேற்றுமொழிச் சொல். இத்தனை காலமும் நம் ஊழியர்கள் வேற்றுமொழியில் உயிர் பிழைத்து வந்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது,” என்று தொடங்கி ஒரு வாசகத்தை முன்வைத்தார். அதில் ‘உடனடியாக’ என்று ஒரு சொல் இருந்தது. கடைநிலை ஊழியர் ஒருவர் இன்னொரு ஊழியரை அப்படி அதிகாரம் செய்வது சரியில்லை என்று நிதி அதிகாரி ஆட்சேபித்ததால் அதை எடுத்துவிட்டார்கள். ‘பணிவுடன்’ சேர்ந்தது. கடைசியில் நிலையம்தோறும் பலகையில் எழுதி மாட்டினார்கள்:

‘மதிப்பிற்குரிய மின்விசை அறையினரின் கனிவான கவனத்திற்கு: மின்வழங்கலை இயன்ற விரைவில் இடைநிறுத்தம் செய்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

லைன்மேன்கள் எல்லோரையும் உட்காரவைத்து இதை மனப்பாடம் செய்வித்தார் பாதுகாப்பு அதிகாரி. மச்சினன் கையைத் தூக்கினான்.

“சார், ஒரு சந்தேகம். மூணாவது மேல கால் வழுக்குது. அப்ப இதைச் சொல்லணும், இல்லையா?”

“ஆமாம்.”

“மதிப்பிற்குரியங்கறதுக்குள்ளயே நான் கருகிடுவேனே சார்?”

அதிகாரி யோசித்தார். கெட்டவர் இல்லை, உண்மையாகவே யோசித்தார். “வழுக்கறதுக்கு முன்னாடியே சொல்ல ஆரம்பிச்சிடணும்,” என்றார்.

“வழுக்கப்போகுதுன்னு முன்னாடியே எப்படி சார் தெரியும்?”

“அதுக்குத்தான்யா திட்டமிடல்னு பேரு.”

வகுப்பு முடிந்தது. எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்துப் படம் பிடித்தார்கள்.

மிச்சமிருந்த ஒரே இடைஞ்சல் சுவிட்ச்காரரின் கை. மூளைக்குப் புது வாசகம் புரிந்துவிட்டது, கைக்குப் புரியவில்லை. இயக்குநர் “கட்” என்று சொல்லும்போதெல்லாம் அது தன்போக்கில் கைப்பிடிக்குப் போயிற்று. நிர்வாகம் கையைக் கண்டித்து ஒரு விளக்கக் கடிதம் கேட்டது. பிறகு படப்பிடிப்பு நேரத்தில் அந்தக் கையை ஒரு பட்டு நாடாவால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டிவைக்க உத்தரவாயிற்று. நாடாவில் நிர்வாகத்தின் சின்னம் பொறித்திருந்தது.

அடுத்து அவரையே படம் எடுத்தார்கள். முகத்துக்குப் பவுடர் போட்டு, புதுச் சட்டை மாட்டி, “இயல்பா இருங்க, எப்பவும்போல இருங்க,” என்றார் இயக்குநர். சுவிட்ச்காரர் எப்பவும்போல இருப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தார். யோசிக்க யோசிக்க மூச்சு விடுவதற்குக்கூட முறை மறந்துபோயிற்று. கண் இரண்டும் பிதுங்கிக்கொண்டு வந்தன.

“என்ன சார் இவர், சுவிட்ச்காரர் மாதிரியே இல்லையே,” என்றார் இயக்குநர்.

பொது மேலாளர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எனக்கும் ரொம்ப நாளா அந்தச் சந்தேகம் உண்டு,” என்றார்.

ஒரு நடிகரை வரவழைத்தார்கள். தோள் அகன்றவர், குரல் கணீரென்று இருக்கும், நல்ல மனிதரும்கூட. சுவிட்ச்காரரிடம், “அண்ணே, உங்க நாற்காலியில உட்காரலாமா?” என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார். பழைய கைப்பிடி படத்தில் எடுப்பாக இல்லை என்பதால், அதற்குப் பக்கத்திலேயே மரத்தில் ஒரு பெரிய கைப்பிடி செய்து, ரத்தச் சிவப்பு அடித்து மாட்டினார்கள். அதை இழுத்தால் ஒரு விளக்கு மின்னும், ஒரு மணி ஒலிக்கும். வேறெதுவும் நடக்காது. நிஜக் கைப்பிடியின் மேல் ஒரு திரையைத் தொங்கவிட்டார்கள். பார்க்க அசிங்கமாக இருந்ததாம்.

தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. ஊரே பார்த்தது. நடிகர் புருவத்தை நெரித்து, “என் கைக்குள்ள ஆயிரம் உயிர்!” என்று முழங்கிக்கொண்டே மரக் கைப்பிடியை இழுக்கும்போது, பார்த்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்கள். நடுவழியில் நின்றுபோன வண்டிகளில்கூட ஜனங்கள் இப்போது திட்டுவதில்லை. அவர் இழுத்திருப்பார் என்று பெருமையோடு பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

“உங்களைவிட இவர் நல்லாத்தான் இழுக்கறார்,” என்றாள் மனைவி.

“அக்கா, மாமா இழுத்து நீ எப்பப் பார்த்தே?” என்று மச்சினன் சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. டிவியை அணைத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். “நான் ஒண்ணு கேட்கறேன், பதில் சொல்லுங்க. நாளைக்கு இவன் உள்ளேருந்து கத்தறான். நீங்க என்ன பண்ணுவீங்க?”

“அந்த வாசகத்தைச் சொல்லி முடிச்சதும் இழுத்துடுவேன்.”

“முடிக்கலைன்னா?”

இதுவரை இந்தக் கூத்தெல்லாம் சுவிட்ச்காரருக்குப் புரியாத ஏதோ ஒரு பெரிய இடத்துச் சமாசாரமாகத்தான் இருந்தது. அன்றுதான் பயம் வந்தது. நன்றாகவே வந்தது. இலையில் போட்டதைச் சாப்பிடாமல் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார்.

தொடரின் உச்சக் காட்சி என்று ஒன்று வைத்திருந்தார்கள். லைன்மேன் ஒருவன் ஆபத்தில் சிக்குவதும், சுவிட்ச்காரர் அவனைக் காப்பாற்றுவதும். ஆபத்தில் சிக்குகிறவன் அசல் லைன்மேனாக இருந்தால்தான் உண்மை இருக்கும் என்று இயக்குநர் சொன்னதால் மச்சினனைப் பிடித்தார்கள். அவன் நடைமேடையை ஒட்டிய பாதையில் இறங்கி, மூணாவதை வெறுங்கையால் பிடித்துக்கொண்டு துடிக்கவேண்டும். மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் எடுப்போம், பயப்படவேண்டாம் என்றார்கள். சுவிட்ச்காரர் அன்று அறையில் இல்லை. நடைமேடையில் பயணிகள் கூட்டம் போதவில்லை என்று, அவர் கையில் ஒரு பெட்டியைக் கொடுத்துப் பயணியாக நிற்கவைத்திருந்தார்கள்.

மின்சாரத்தை அணைக்கச் சொல்லும் பொறுப்பு பாதுகாப்பு அதிகாரிக்கு. அவர் ஒரு வாரம்கூடத் தவறாமல் தொடரைப் பார்த்து வந்தவர். விறுவிறுவென்று சுவிட்ச் அறைக்குப் போனார். நாற்காலியில் நடிகர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அதிகாரி நிமிர்ந்து நின்று, ‘மதிப்பிற்குரிய’விலிருந்து ‘கேட்டுக்கொள்கிறேன்’வரை ஓர் எழுத்து பிசகாமல் சொன்னார். நடிகர் ஒத்திகை என்று நினைத்துக்கொண்டார். டீயை வைத்துவிட்டு எழுந்தார். புருவத்தை நெரித்தார். “என் கைக்குள்ள ஆயிரம் உயிர்!” என்று இழுத்தார். விளக்கு மின்னியது, மணி அடித்தது. அதிகாரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. வெளியே வந்து, “அணைச்சாச்சு,” என்றார். அணைத்த பிறகும் விளக்குகள் எப்படி எரிகின்றன என்று யாரும் கேட்கவில்லை.

மச்சினன் இறங்கினான். ஆக்‌ஷன் என்று குரல் வந்ததும் மூணாவதை நோக்கிக் கையை நீட்டினான். அணைத்தாயிற்று என்று யார் சொன்னாலும், வெறுங்கையை வைப்பதற்குமுன் இரும்பு எதையாவது அதன்மேல் போட்டுப் பார்ப்பது லைன்மேன்களின் பழக்கம். இடுப்பிலிருந்த ஸ்பேனரை எடுத்துப் போட்டான்.

வெடித்தது. நீலமாக ஒரு ஜ்வாலை அவன் முகத்துக்கு நேரே எழும்பியது. மல்லாந்து விழுந்தவனுக்குக் கண் தெரியவில்லை. மூணாவது எந்தப் பக்கம், சுவர் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. கையை ஊன்றவும் பயந்து, விழுந்தபடியே கத்தினான்.

“கட்! கட்!”

படப்பிடிப்புக் குழு கட்டுப்பாடுள்ள குழு. சொல்லைக் கேட்டதும் கேமராவை இறக்கினார்கள். பெரிய விளக்குகளையெல்லாம் அணைத்தார்கள். சுரங்கம் கும்மிருட்டாகிவிட்டது. ஒப்பனை செய்கிற பெண், அடுத்த தடவைக்கு அவன் முகத்தைத் துடைப்பதற்காகப் பவுடர் டப்பாவோடு நடைமேடை விளிம்பில் ஒரு காலை இறக்கினாள்.

“யாருய்யா அது கட் சொன்னது?” இயக்குநரின் குரல் இருட்டில் நடுங்கியது. “நான் இருக்கும்போது கட் சொல்ல இவன் யாரு?”

சுவிட்ச்காரர் பெட்டியை எங்கே போட்டார் என்று அவருக்கே தெரியாது. ஓடினார். அறைக்குள் நடிகர்மேல் மோதினார். திரையைப் பிய்த்து எறிந்தார். இழுத்தார்.

பிறகு தடுமாறி வெளியே வந்து, “மாப்ள! மாப்ள!” என்று இருட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். பதில் வரும்வரை அவருக்கு உயிரே இல்லை.

“இருக்கேன் மாமா,” என்று கீழேயிருந்து குரல் வந்தது. “புருவம்தான் போச்சு.”

சுவிட்ச்காரர் நடைமேடையில் அப்படியே உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். நன்றாக அழுகிறார், விளக்கைப் போடுங்கள் என்று இயக்குநர் கத்தினார். மின்சாரம் இல்லை.

விசாரணை நடந்தது. சுவிட்ச்காரர்மேல் இரண்டு குற்றச்சாட்டுகள். பயணி வேடத்தில் இருந்தவர் காட்சியின் நடுவே இடத்தைவிட்டு ஓடியது ஒன்று. அங்கீகாரம் இல்லாத ஒரு சொல்லைக் கேட்டு மின்சாரத்தை நிறுத்தியது இரண்டு.

“லைன்மேன் என்ன சொன்னார்?” என்று கேட்டார் பொது மேலாளர்.

“கட்னு சொன்னான் சார்.”

“அது யாரோட வார்த்தை?”

“இயக்குநர் சாரோடது.”

“மதிப்பிற்குரிய, அப்படின்னு ஆரம்பிச்சாரா? அதுவும் இல்ல. பணிவு? அதுவும் இல்ல. அப்ப உங்களை யாருமே கேட்டுக்கலையே. கேட்டுக்காமலேயே இழுத்திருக்கீங்க.”

“சார், அவன் செத்திருப்பான் சார்.”

பொது மேலாளர் பெருமூச்சு விட்டார். “நான் அந்தக் காட்சி முழுக்கப் போட்டுப் பார்த்தேன். நீலமா ஒரு வெளிச்சம் வருது, அழகாத்தான் இருக்கு. ஆபத்துன்னு ஒண்ணும் அதுல இல்ல. கட் சொன்னதோட படம் நின்னுபோச்சு. நடந்திருந்தா பதிவாகியிருக்கும் இல்லையா? பதிவாகாததை வச்சு ஒரு நிர்வாகம் முடிவெடுக்க முடியாது. நான் உணர்ச்சிவசப்படற ஆள்தான், ஆனா என் உணர்ச்சிக்கும் ஆதாரம் வேணும்.”

ஏமாந்ததற்காகப் பாதுகாப்பு அதிகாரியை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சரியான வாசகத்தைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான் என்று பாராட்டினார்கள். நடிகரையே சுவிட்ச் அறைக்கு நிரந்தரமாக அமர்த்தினார்கள். ஜனங்கள் அவரைத்தான் நம்புகிறார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது. சுவிட்ச்காரரை வேலையிலிருந்து நீக்கவில்லை, அந்த அளவுக்குக் கல்நெஞ்சம் நிர்வாகத்துக்கு இல்லை. மறு உத்தரவு வரும்வரை அவர் பயணியாக இருக்கவேண்டியது. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியோடு நடைமேடையில் போய் நிற்பார். வருகிற வண்டியில் ஏறக்கூடாது.

“இப்ப உள்ள இருக்கறது யாரு?” என்று மனைவி கேட்டாள்.

“நடிகர்தான்.”

“அப்ப என் தம்பி வேலைக்குப் போக வேண்டாம்.”

“நான் போகலைன்னா வேற ஒருத்தன் போவான்கா,” என்றான் புருவம் இல்லாத தம்பி. ஆனால் போனவன் தண்டவாளத்தில் இறங்கவில்லை. மற்ற லைன்மேன்களும் அப்படியே. காலையில் நடைமேடை விளிம்பில் வந்து நிற்பார்கள். “உள்ள யாரு?” என்று ஒருவன் கேட்பான். “அதே ஆளுதான்,” என்று இன்னொருவன் சொல்வான். இறங்காமல் சுவரைத் துடைக்கப் போய்விடுவார்கள். பாதையில் ஒரு திருகைக்கூட யாரும் முடுக்காததால் வண்டிகள் தவழ ஆரம்பித்தன. தலைமை அலுவலகத்தில் இது யாருக்கும் தெரியாது. அங்கே எல்லோரும் தொடரைப் பார்த்துத்தான் ரயிலின் நிலவரத்தைத் தெரிந்துகொண்டார்கள்.

தொடரின் நிறைவுப் பகுதியை நேரடியாக ஒளிபரப்ப ஏற்பாடு. பொது மேலாளரே தண்டவாளத்தில் இறங்கி, மூணாவதை ஒட்டி நடந்துகொண்டே, தன்னுடைய ஊழியர்கள் எவ்வளவு பாதுகாப்பாக வேலை செய்கிறார்கள் என்று பேசவேண்டும். பின்னால் ஒரு வண்டி முழு வெளிச்சத்தோடு மெல்ல வரவேண்டும், அதனால் மின்சாரம் இருக்கட்டும் என்றார் இயக்குநர். ஆபத்து என்றால்தான் சுவிட்ச் அறை இருக்கிறதே. பொது மேலாளரும் சரி என்று புது ஷூ போட்டுக்கொண்டு வந்திருந்தார். லைன்மேன்கள் பின்னணிக்காக வரிசையாக நின்றார்கள். பயணிகள் கூட்டத்தில் சுவிட்ச்காரர் பெட்டியோடு நின்றார்.

ஒளிபரப்புக்குச் சற்று முன்னால், பொது மேலாளர் விளிம்பிலிருந்து கீழே பார்த்தார். ஒரு காலை இறக்கினார். மூணாவதுமேல் ஓரிடத்தில், ஸ்பேனர் அளவுக்கு, இரும்பு கருகி உருகியிருந்தது. காலை மேலே எடுத்துக்கொண்டார். யாரும் பார்க்காதபடி நகர்ந்து நகர்ந்து சுவிட்ச் அறைக்குப் போய் நடிகரைக் கேட்டார்.

“தம்பி, நான் கீழேருந்து கத்தினா நீங்க எதை இழுப்பீங்க?”

“எந்த ஷாட் சார்?” என்றார் நடிகர்.

பொது மேலாளர் வெளியே வந்தபோது முகத்தில் பவுடரையும் மீறி வியர்த்திருந்தது. பயணிகள் கூட்டத்தைத் துழாவி, சுவிட்ச்காரரின் கையைப் பிடித்து ஒதுக்குப்புறமாக இழுத்துக்கொண்டு போனார்.

“நீ உடனே உள்ள போ. அந்தப் பழைய பிடிக்குப் பக்கத்துலயே நில்லு. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பாதே. எனக்கு ஏதாவதுன்னா நான் கத்துவேன். கேட்டதும் இழுத்துடணும். புரியுதா?”

“சரிங்க சார். என்னன்னு கத்துவீங்க?”

பொது மேலாளர் சுற்றுமுற்றும் பார்த்தார். மொழிப் பிரிவு அதிகாரி தூரத்தில் இருந்தார். குனிந்து, சுவிட்ச்காரரின் காதருகே வாயைக் கொண்டுபோய், “கட்,” என்றார்.

சுவிட்ச்காரர் அவரையே பார்த்தார். எதிரில் நிற்கிறவர் யார் என்பதே அவருக்கு மறந்துவிட்டதுபோல் இருந்தது. “அப்ப எங்க மாப்ளைக்கும் அதே வார்த்தைதானே சார்?”

“அது வேற விஷயம்ப்பா. அதைக் குழு முடிவு பண்ணணும்.”

“சரிங்க சார்,” என்றார் சுவிட்ச்காரர். “குழு முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் நீங்களும் முழுசாவே சொல்லிடுங்க. சொல்லி முடிச்சதும் இழுக்கறேன்.”

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். இயக்குநர், “ரெடி சார், இறங்குங்க, ஊரே பார்த்துக்கிட்டிருக்கு,” என்று குரல் கொடுத்தார். தூரத்தில் வண்டியின் வெளிச்சம் தெரிய ஆரம்பித்தது. பொது மேலாளர் விளிம்பில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றுகொண்டு, சுவரில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்து உதட்டை அசைத்தார்.

“மதிப்பிற்குரிய மின்விசை அறையினரின்... கவனத்திற்கு... மின்வழங்கலைப் பணிவுடன்...”

“இல்ல சார்,” என்று பக்கத்திலிருந்து மச்சினன் எடுத்துக்கொடுத்தான். “கனிவான கவனத்திற்கு. பணிவு கடைசியிலதான் வரும்.”